இணைய லேலோங்கில் பழம்பொருள்: சுங்கை சிப்புட் சேகரிப்பாளர்களுக்கு ஒரு விமர்சனம்

ஒரு பக்கம் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு அனுமன். மறுபக்கம் ஆங்கிலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், 1818 என்று ஆண்டு, 'யுகேஎல் ஒன் அணா' என்று மதிப்பு. இந்தச் செப்புக்காசு தலைகாட்டாத இணைய ஏலம் அரிது. ஐம்பது ரிங்கிட்டுக்கும் கேட்பார்கள், ஐம்பதாயிரத்துக்கும் கேட்பார்கள். காசு என்னவோ ஒன்றுதான். விற்பவர் எவ்வளவு துணிந்தாரோ அவ்வளவு விலை.

சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரத் தோட்டங்களில் பழைய காசு, பித்தளை, தோட்டச் சாமான் சேர்ப்பவர்கள் இப்போது பெரும்பாலும் மூன்று வழிகளில் வாங்குகிறார்கள். இபே போன்ற அனைத்துலக ஏலத் தளம், கேட்கும் விலையைப் போட்டு வைக்கும் உள்ளூர் விற்பனைச் செயலிகள், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பேஸ்புக்கில் நேரலையாக நடக்கும் லேலோங், அதாவது ஏலம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வெள்ளிக்காசு, சாமி விக்கிரகம், 'அபூர்வம்' என்று கூவப்படும் எதையும் நேரலையில் வாங்காதீர்கள். புழங்கிய பாத்திரம், தோட்டக் கருவி, இஸ்திரிப் பெட்டி போன்றவற்றைக் கண் இருந்தால் வாங்கலாம். அந்தக் கண்ணுக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்பதுதான் இனி வருவது.

விலையிலிருந்து தொடங்குவோம். ஒரு பொருளுக்கு ஒருவர் ஆயிரம் ரிங்கிட் என்று போடுகிறார். அது விற்காமல் ஆறு மாதம் கிடக்கிறது. அதைப் பார்த்த இன்னொருவர் தன்னிடம் இருப்பதற்கு ஆயிரத்து இருநூறு போடுகிறார். மூன்றாமவர் இருவரையும் காட்டி, 'இணையத்தில் இதுதான் மார்க்கெட் விலை' என்கிறார். ஒரு சாமான்கூடக் கைமாறாமலே விலை ஏறிவிட்டது. பழம்பொருள் விலை வானத்துக்குப் போகும் கதைகளில் பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவை. ஆகவே கேட்ட விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். இபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. 90 நாள் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். அதிலும் ஒரு பொறி உண்டு. பேரம் ஏற்கப்பட்ட பொருளுக்கு முதலில் கேட்ட விலைதான் அடித்துக் காட்டப்படும், உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்பது அங்கே தெரியாது. அந்த வரிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மிச்சம் இருப்பதில் குறைந்தது ஐந்து விற்பனையை எடுத்து, உச்சத்தையும் அடியையும் தள்ளி, நடுவில் நிற்பதை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ச் செயலிகளில் 'விற்றாகிவிட்டது' என்று முத்திரை விழுந்தாலும், மேலே நிற்பது விற்பவர் போட்ட விலை. உள்பெட்டியில் பேசி முடித்த விலை வெளியே வராது. அங்கிருந்து எந்தக் கணக்கும் எடுக்க முடியாது.

நேரலை லேலோங்கில் வேறு வகைச் சிக்கல். படம் நம் கைப்பேசிக்கு வந்து சேரச் சில நொடி பிந்துகிறது. கீழே விழும் பிட்டுகளின் (ஏலத்தில் கேட்கும் விலைகளின்) வரிசையும் ஆளுக்கு ஆள் மாறித் தெரியும். யாருடைய பிட் முதலில் வந்தது என்பதை நடத்துபவர் வாய்தான் முடிவு செய்கிறது. பொருளை விளக்குக்கு நேரே அரை நிமிடம் ஆட்டிக் காட்டுவார்கள். அந்த ஆட்டத்தில் தேய்மானமும் தெரியாது, வார்ப்புப் புள்ளியும் தெரியாது. ஆள் வைத்து விலை ஏற்றுவதுதான் இதைவிடப் பெரிய நோய். அதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நான்கு வாரம் பணம் போடாமல் பாருங்கள், எழுதுங்கள்: என்ன பொருள், கடைசிப் பிட் எவ்வளவு, யார். ஒரே பெயர் ஒரே விற்பவரிடம் மட்டும் ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் விட்டுக்கொடுக்கிறதா? விற்றுவிட்டதாகச் சொன்ன அதே பொருள், அதே கீறலோடு, இரண்டு வாரத்தில் 'எடுத்தவர் பணம் கட்டவில்லை' என்று திரும்பி வருகிறதா? ஒரு முறை நடந்தால் நம்பலாம். மூன்று முறை நடந்தால் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறுங்கள். இபேயில் இந்த வேலை கொஞ்சம் எளிது. பெயர் மறைத்திருந்தாலும், ஒருவர் 30 நாளில் போட்ட பிட்டுகளில் எத்தனை விழுக்காடு இந்த ஒரே விற்பவருக்குப் போனது என்று காட்டும். அந்த எண் 90, 100 என்று நின்றால் விலகிவிடலாம். பிட்டைத் திரும்பப் பெறும் வழக்கம் உள்ள கணக்கும் அப்படித்தான்: உங்கள் உச்ச விலை எது என்று படிப்படியாக ஏற்றித் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் பிட்டை எடுத்துக்கொள்வார்கள். உச்ச விலையை முன்கூட்டியே போட்டு வைக்காமல், கடைசிப் பத்து நொடிக்குள் ஒரே முறை போடுங்கள். முறையான ஏல இல்லங்களில் சுத்தி விலைக்கு, அதாவது ஏலம் முடிந்த விலைக்கு, மேல் வாங்குபவர் கட்டணம் உண்டு, 15 முதல் 25 விழுக்காடு வாங்கும் இடங்களும் இருக்கின்றன. 400 ரிங்கிட்டுக்கு எடுத்தது 500 ஆகி வீட்டுக்கு வரும். பிட் போடுமுன் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தளத்தில் 500 ரிங்கிட் வரைக்குமான பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரியும் சேர்ந்திருக்கிறது.

இனி அனுமன் காசு. கம்பெனி 1803லும் 1808லும் சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் சோஹோ நாணயச்சாலையில் அடித்த செப்புக் காசுகளில் சிங்கம் தாங்கிய கம்பெனிச் சின்னமும் மறுபுறம் பாரசீக எழுத்தும் இருக்கும். 1835க்குப் பிறகு வந்தவை கால் அணா, அரை அணா போன்றவை; அவற்றிலும் சாமி படம் கிடையாது. விவரம் தெரிந்த விற்பவர் இங்கே ஒரு வாதம் வைப்பார்: 'கம்பெனி சாமி போட்டுக் காசு அடித்திருக்கிறதே!' உண்மைதான், சென்னையில் அடித்த வெள்ளி அரைப் பகோடா, கால் பகோடாவில் கோபுரமும் விஷ்ணுவும் உண்டு. ஆனால் அது வெள்ளி, அதன் அமைப்பும் எழுத்தும் வேறு. 'யுகேஎல்' என்ற சொல் எந்தக் கம்பெனிக் காசிலும் இல்லை. இதே குடும்பத்தில் 1616 என்று ஆண்டு போட்டு வருபவையும் உண்டு. 'யுகே' எனப்படும் ஐக்கிய இராச்சியம் என்ற பெயரே 1801ல்தான் அரசுப் பெயரானது. 1616ல் அது எப்படிக் காசில் ஏறும்? இவை பூசைக்காகவும் நினைவுக்காகவும் பிற்காலத்தில் அடித்த பதக்கங்கள். வீட்டுப் பூசையறையில் இருந்தால் இருக்கட்டும், கும்பிடுவதற்கு அது நல்ல பொருள்தான். பணம் போட்டு ஏலத்தில் எடுக்கும் பொருள் அல்ல. அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது என்றெல்லாம் சொல்லி யாராவது விலை பேசினால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். செம்பு அரிசியை இழுக்காது, அப்படி ஒரு சந்தையும் கிடையாது.

நம் நாட்டுக் காசுகளில் ஆண்டைத் தப்பாகப் படித்து ஏமாறுவது அதிகம். சேவல் படமும் ஜாவியில் (மலாய் மொழியை எழுதும் அரபு எழுத்தில்) 'தானா மெலாயு' என்ற எழுத்தும் கொண்ட சிறு செப்புக் கெப்பிங் காசு. அதில் 1247 என்று இருக்கும். '750 வருடப் பழமை, மலாக்கா சுல்தானகத்துக்கு முந்தியது' என்று விற்கிறார்கள். 1247 இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டு, அதாவது 1831. சிங்கப்பூர் வணிகர்கள் புழக்கத்துக்காக வரவழைத்த டோக்கன் அது. 1219 என்றிருந்தால் அந்த எண் 1804ஐக் குறிக்கும். நல்ல காசுதான், சேர்க்க வேண்டிய காசுதான், ஆனால் ஏராளமாகப் புழங்கியது. ஜாவி எழுத்து மழுங்கி, சேவலின் வால் மட்டும் தெரியும் நிலையில் உள்ளதற்கு நூற்றுக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்காசில் ஏமாற்றும் அதிகம், அதைப் பிடிக்கும் வழியும் நிச்சயமானது. நாம் ரிங்கிட்டையே 'வெள்ளி' என்று சொல்லிப் பழகியது இந்தக் காசுகள் புழங்கிய காலத்தின் மிச்சம். எட்வர்ட் மன்னர் தலை போட்ட நீரிணைக் குடியேற்ற டாலர், 1903, 1904 அடிப்பு: 37 மில்லிமீட்டர் குறுக்களவு, 26.95 கிராம் எடை, ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் சுத்த வெள்ளி. 1907 முதல் 1909 வரை வந்தது சிறியது: 20.21 கிராம், சுத்தம் அதே தொள்ளாயிரம். ஜார்ஜ் மன்னர் டாலர், 1919, 1920, 1925, 1926: 16.85 கிராம், வெள்ளி பாதிதான். பிரிட்டானியா நிற்கும் வணிக டாலர் 1895லிருந்து 1935 வரை அடித்தது: 39 மில்லிமீட்டர், 26.96 கிராம், தொள்ளாயிரம். வணிக டாலரில் 1895க்கு முந்திய ஆண்டு இருந்தால் அதற்கு மேல் சோதிக்கவே வேண்டாம், போலி.

காந்தத்தில் ஒட்டாவிட்டால் வெள்ளி என்று நேரலையில் காட்டுவார்கள். செம்பு-நிக்கல் கலவையும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. காந்தம் இரும்புப் போலியை மட்டும் பிடிக்கும். நிச்சயமான சோதனை தண்ணீரில் இருக்கிறது. 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு ஒன்று வாங்குங்கள். காசை உலர்ந்த நிலையில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைச் சுழியாக்குங்கள். மெல்லிய தையல் நூலில் காசைக் கட்டி, அடியும் தொடாமல் பக்கமும் தொடாமல் முழுக்கத் தண்ணீருக்குள் இறக்கிப் பிடியுங்கள். தராசு காட்டும் எண்ணால் உலர்ந்த எடையை வகுங்கள். 26.95 கிராம் தொள்ளாயிரம் வெள்ளி என்றால் தராசு 2.61 பக்கம் நிற்கும், வகுத்தால் 10.3. அதே எடையில் செம்பு-நிக்கல் போலி என்றால் 3.03 காட்டும், வகுத்தால் 8.9. இரண்டுக்கும் இடையே 0.4 கிராம். நகைத் தராசுக்கு அது மலைபோன்ற வித்தியாசம். காசில் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெடும். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் குமிழி ஒட்டாது. நூல் முடிச்சு பெரிதாக இருந்தாலும் கெடும். ஐந்து முறை செய்தால் கை பழகிவிடும்.

எடை சரி, அடர்த்தியும் சரி என்றால் விலையின் அடித்தளத்தை நீங்களே போடலாம். பெரிய டாலரில் 24.26 கிராம் சுத்த வெள்ளி, சின்ன எட்வர்டில் 18.19, ஜார்ஜ் டாலரில் 8.43. அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். கிராம் 5 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் முறையே 121, 91, 42 ரிங்கிட். கேட்பவர் அதற்கு மேல் எத்தனை மடங்கு கேட்கிறார், அந்த மடங்குக்கு என்ன காரணம் சொல்கிறார் என்று பாருங்கள். அரிய ஆண்டா, அடிப்புப் பளபளப்பு கெடாததா? பளபளப்பு என்றாலே எச்சரிக்கை. ஒற்றை விளக்குக்குக் கீழே காசை மெதுவாகச் சாய்த்தால், ரசாயனத்தில் முக்கித் துலக்கிய காசில் தலைமயிர் போன்ற கீறல்கள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். அப்படிப்பட்டது எவ்வளவு மின்னினாலும் சேகரிப்பாளர் விலை இல்லை. பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தரச்சான்றுடன் வந்தால், பிசிஜிஎஸ், என்ஜிசி, நோட்டுக்குப் பிஎம்ஜி ஆகிய தரச்சான்று நிறுவனங்கள் தந்த எண்ணை அவர்கள் தளத்திலேயே போட்டுப் பாருங்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. நிஜ எண்ணைத் திருடிப் போலிக் கூட்டில் ஒட்டுவதும் நடக்கிறது. அங்கே படம் இருந்தால் அதில் உள்ள கறையும் கீறலும் கையில் உள்ள காசோடு ஒத்துப்போக வேண்டும். பேர் தெரியாத கூடும், விற்பவரே அச்சடித்த 'அசல் சான்றிதழும்' வெறும் பிளாஸ்டிக், வெறும் காகிதம்.

சில்லறைகளை வேகமாகக் கடந்துவிடலாம். மலாயாவின் சதுர ஒரு காசு, அதிலும் 1943 அடிப்பு, எந்தப் பழைய டின்னைக் கொட்டினாலும் விழும். அதற்குப் பெரிய விலை இல்லை. 2008 ஏப்ரல் 1ல் விலையை ஐந்து சென்னுக்கு முழுமையாக்கும் முறை வந்தபிறகு கடையில் காணாமல் போன ஒரு சென், அபூர்வக் காசு ஆகிவிடவில்லை. ஒரு ரிங்கிட் நாணயம் 2005 டிசம்பர் 7லும், 500, 1000 ரிங்கிட் நோட்டுகள் 1999 ஜூலை 1லும் செல்லாமல் ஆயின. இவற்றில் நோட்டுக்குச் சேகரிப்பு மதிப்பு உண்டு, நாணயத்தைத் தேய்மானம் இல்லாவிட்டால் மட்டும் பாருங்கள்.

ஜப்பான்காரன் கால வாழைமர நோட்டு வேறு கதை. பெரியவர்கள் மூட்டை மூட்டையாக வைத்திருந்து, 1945ல் வெள்ளையர் திரும்பியதும் ஒரே நாளில் குப்பையானது என்று சொல்வார்களே, அது. அவ்வளவு அச்சடித்ததால்தான் இன்றும் மலிவு. பத்து டாலரில் வாழைமரம், நூறு டாலரில் தென்னையடியில் குடிசை, ஆயிரம் டாலரில் மாட்டு வண்டி. 'எம்' என்ற எழுத்தில் தொடங்கும் வரிசைக்குறி மலாயாவுக்கானது. குறி எழுத்து மட்டும் இருந்து வரிசை எண் இல்லாதது பிந்தியது, பொதுவானது. வரிசை எண்ணோடு வருவது முந்தியது, அதற்குத்தான் கூடுதல் விலை நியாயம். 365 நானோமீட்டர் புறஊதா டார்ச்சை இருட்டில் நோட்டின் மேல் அடியுங்கள். காகிதம் நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி இருக்கிறது. காகிதத்தில் அது பரவியது 1950களில்தான், ஆகவே அது 1942ன் நோட்டு அல்ல. அதேபோல் ஜார்ஜ் மன்னர் தலையுள்ள 1941 ஜூலை 1 தேதி போட்ட ஒரு டாலரை 'போருக்கு முன் புழங்கியது' என்று ஏற்றி விற்பார்கள். தேதி 1941 என்றாலும் மக்கள் கைக்கு வந்தது ஜப்பானியர் போனபின், 1945ல்.

தோட்டத்துச் சாமான்களில் வயதைக் கூட்டிச் சொல்வதுதான் வழக்கமான தந்திரம். '200 வருடப் பால் வெட்டுக் கத்தி' என்று ஒரு பதிவு வந்தால், பக்கத்துக் கோலகங்சாரில் நிற்கும் பழைய ரப்பர் மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மண்ணுக்கு ரப்பர் கன்று வந்ததே 1877ல். மலாக்காவில் வணிகத் தோட்டம் போட்டது 1896. அதற்கு முன் இங்கே பால் வெட்டக் கத்தி எதற்கு? கத்தி உண்மையில் புழங்கியதா என்பதை அதன் அலகு சொல்லும். நாள்தோறும் சாணை பிடித்ததால் வளைவின் உட்பக்கம் மெலிந்து, இரும்பு நீளம் குறைந்திருக்கும். கைப்பிடி மரத்தில் கை பட்ட இடம் மட்டும் கறுத்து வழவழப்பாகி, பிடி படாத அடிப்பக்கம் சொரசொரப்பாகவே இருக்கும். பழமை பூசிய புதுக் கத்தியில் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும், அலகு முழு நீளம் இருக்கும். ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்கும் அப்படித்தான். மண் மங்கை 'பழைய சீனப் பீங்கான் கிண்ணம்' என்று விற்கும் பதிவுகள் வருகின்றன. உள்ளே வழவழப்பான மெருகு, பால் உறைந்ததும் ஒட்டுப்பாலை உரித்தெடுக்க, வெளியே கரடு, அடியில் பெரும்பாலும் நிற்கும் வளையம் இருக்காது, ஏனென்றால் அது கம்பி வளையத்தில் உட்காருவது. தோட்டத்தில் பிறந்தவருக்கு ஒரே பார்வையில் தெரியும், பட்டணத்தில் வாங்குபவருக்குத் தெரியாது. பால் ஸ்டோரில் கிராணி (எழுத்தர்) பாலின் கெட்டியை அளக்க விட்டுப் பார்க்கும் மெட்ரோலாக்கைக் கப்பல் கருவி என்று போட்டு விற்பதும் இதே வகை. இவற்றுக்கெல்லாம் நியாயமான விலை கொடுத்து வாங்கிப் பத்திரப்படுத்துங்கள் என்றே சொல்வேன். லயங்களை இடித்தபோது எத்தனையோ கிலோக் கணக்கில் இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

சேவல் கொண்டி வைத்த கரி இஸ்திரிப் பெட்டியும் தகர டின்னும் எனாமல் அடுக்குச் சட்டியும் அதிகம் போலியாகும் கூட்டம். இங்கே எழுத்தே காட்டிக்கொடுக்கும். முத்திரை என்று பொருள்படும் 'சாப்' என்ற மலாய்ச் சொல்லை 1972க்கு முன் மலாயாவில் ஆங்கில 'சி'யும் 'எச்'சும் சேர்த்து எழுதினார்கள். அப்போது இந்தோனேசியாவில் 'டி', 'ஜே' போட்டார்கள். 1972ன் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இரண்டு நாட்டிலும் 'சி' மட்டும். ஆகவே புது எழுத்தில் 'சாப் ஆயாம்' (கோழி முத்திரை) என்று வார்த்த பெட்டி 1930ன் பெட்டி ஆகாது. 'மேட் இன் மலேசியா' என்று இருந்தால் 1963 செப்டம்பர் 16க்குப் பிந்தியது. கோட்டுக் குறியீடு (பார்கோடு) இருந்தால் 1974க்கும் பிந்தியது. நட்சத்திரத் தலைத் திருகாணி இருந்தால், அந்தத் திருகாணி 1930களில்தான் சந்தைக்கு வந்தது. பெட்டி அதைவிடப் பழையது என்றால் பழுது பார்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு விலையைக் குறையுங்கள். நிஜமாகக் கரி போட்டுப் புழங்கிய பெட்டியின் உள்ளே கம்பிச் சல்லடை அரித்திருக்கும், கீல் ஆடும், மரப்பிடியின் அடிப்பக்கம் சூட்டில் கருகியிருக்கும். புதிதாக வார்த்ததில் உள்ளே மணல் பொறுக்கு ஒட்டியிருக்கும், மேலே மட்டும் துரு. எனாமல் சட்டியில் பூவைக் கையால் வரைந்தது என்று சொன்னால் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பை வையுங்கள். தூரிகையில் வரைந்ததில் வண்ணம் ஒரு கோடாக ஓடி, முடிவில் திரளும். ஒட்டுப்படம் என்றால் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும்.

பித்தளை குத்துவிளக்கும் செம்புக் குடமும் வாங்குபவர்கள் பச்சையைப் பார்த்து மயங்குகிறார்கள். அமோனியாப் புகையிலும் உப்பிலும் வைத்தால் ஒரு வாரத்தில் பச்சை வந்துவிடும். விரல் நகத்தால் கீறினால் மாவு மாதிரி உதிரும். காலத்தில் ஏறிய கறை உலோகத்தோடு ஒட்டிக் கெட்டியாக, கை படாத மூலையில் அடர்ந்து, துடைக்கும் மேட்டில் மெலிந்து இருக்கும். குடத்தின் உள்ளே சீரான வட்ட வட்டக் கோடுகள் ஓடினால் இயந்திரத்தில் சுழற்றியது. சுத்தியல் தட்டு ஒழுங்கற்றுக் கிடந்தால் கையால் அடித்தது. சமையல் பாத்திரமா என்று பார்க்க உள்ளே ஈயப்பூச்சைத் தேடுங்கள்: கரண்டி உரசிய நடுவில் தேய்ந்து, விளிம்பில் வெள்ளை நிறம் மிச்சம் இருக்கும்.

இதில் எல்லாவற்றையும்விட நம்பத்தக்க சாட்சி, பெயர் வெட்டு. கல்யாணச் சீராகப் போன பாத்திரத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாக உளியால் தட்டிய தமிழ் எழுத்துகள் இருக்கும்: கொடுத்தவரின் முதலெழுத்து, பெயர், சிலவற்றில் தேதி. ஐம்பது வருடம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த பாத்திரத்தில் அந்தப் புள்ளிகளின் விளிம்பு உருண்டிருக்கும். விரலை ஓட்டினால் வழுக்கும், குழிக்குள் கறுப்பு படிந்திருக்கும். விலையேற்ற நேற்றுத் தட்டிய புள்ளியில் பிசிறு நிற்கும், விரலில் உறுத்தும், குழிக்குள் மஞ்சள் உலோகம் மின்னும். எழுத்து வடிவமும் பேசும். 'னை', 'லை' போன்றவற்றை யானைத் துதிக்கை போலச் சுழித்த பழைய கொம்போடு வெட்டியிருந்தால் அது பழைய கைப்பழக்கம். விற்பவர்கள் பெயர் இருந்தால் 'சேதம்' என்று சொல்லி அதைத் தேய்த்து அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி அழித்ததை வாங்காதீர்கள். ஒரு வீட்டின் வரலாறு அந்த நான்கு எழுத்தில்தான் இருந்தது.

சிங்கர் தையல் இயந்திரத்தைப் பற்றி இரண்டு செய்தி. உடம்பில் இருக்கும் சிறு வில்லையில் 1851-1951 என்று இருந்தால் அது நிறுவனத்தின் நூற்றாண்டு வில்லை. இயந்திரம் 1951ஐ ஒட்டியது, 1851 அல்ல. வயதை வரிசை எண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும். சிவப்புப் பாதரசம் இருக்கிறது என்று கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்புங்கள். 2009ல் சவுதி அரேபியாவில் இந்த வதந்தியால் பழைய சிங்கர் விலை பல மடங்கு எகிறி, பிறகு விழுந்தது. அந்த இயந்திரத்தில் எண்ணெயும் இரும்பும் தவிர வேறொன்றும் இல்லை.

விக்கிரகத்துக்கு ஒரே விதி. 'தமிழ்நாட்டுக் கோயில் விக்கிரகம், 300 வருடம்' என்று யாராவது தபாலில் அனுப்பத் தயாராக இருந்தால், ஒன்று அது போலி, அல்லது திருட்டு. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் ஏற்றுமதி செய்யவே முடியாது. நம் நாட்டிலும் 2005ன் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. எவ்வளவு மலிவாக வந்தாலும் கை வைக்காதீர்கள்.

கண்ணைப் பழக்க நேரில் பார்ப்பதற்கு ஈடில்லை. கோலாலம்பூர் சாசானா கிஜாங்கில் பேங்க் நெகாரா அருங்காட்சியகத்தில் அசல் காசுகளையும் நோட்டுகளையும் இலவசமாகப் பார்க்கலாம். பக்கத்தில் என்றால் ஈப்போ, சுமார் 30 கிலோமீட்டர். ஞாயிறு காலையில் கூடும் பழம்பொருள் சந்தையில் பொருளைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்துப் பேரம் பேசலாம். இணையத்தில் 300 சொன்னது அங்கே எவ்வளவுக்குப் போகிறது என்று இரண்டு மூன்று வாரம் பார்த்தாலே நேரலை லேலோங்கின் மேல் உள்ள மயக்கம் பாதி இறங்கும்.

அப்படியும் இணையத்தில் எடுக்கிறீர்கள் என்றால், பணம் அனுப்புமுன் விற்பவரின் வங்கிக் கணக்கு எண்ணைப் போலீசின் 'செமாக் மூலே' தளத்தில் போட்டுப் பாருங்கள். நான்கு படம் கேளுங்கள்: முன், பின், விளிம்பு, தராசில் எண் தெரிய ஒன்று. தராசுப் படம் தர மறுப்பவரிடம் வெள்ளிக்காசு வாங்காதீர்கள். 'அசல் இல்லை என்றால் ஏழு நாளில் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்' என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லும் நேரலைப் பேச்சும் மறுநாள் அழிந்துவிடும். பொட்டலத்தைப் பிரிக்குமுன் கைப்பேசியில் படம் எடுக்கத் தொடங்கி, முகவரித்தாள் முதல் தராசு வரை வெட்டில்லாமல் ஒரே பதிவாக எடுங்கள். பணம் போனபின் ஆளே மறைந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம், உடனே தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள். கணக்கை முடக்குவதில் மணிக்கணக்குதான் எண்ணப்படும். விற்பவர் தொழிலாக விற்பவர் என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம்: 50,000 ரிங்கிட் வரை, கட்டணம் 5 ரிங்கிட், மூன்று ஆண்டுக்குள், வக்கீல் தேவையில்லை. தன் வீட்டுச் சாமானை விற்ற தனியாள் என்றால் அந்த வழி கடினம். ஆகவே பிட் போடுமுன்பே அவர் வணிகப் பதிவு எண்ணைக் கேட்டு, அதையும் அந்த உரையாடலையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.